அரை மணி நேர மேசை: கொழிஞ்சாம்பாறைக் குழு ஒன்றின் இரண்டு மாநாடுகள்

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினால் பொள்ளாச்சிக்கும் போகலாம், கோயம்புத்தூருக்கும் போகலாம், பாலக்காட்டுக்கும் போகலாம். மாநிலம் கேரளம், பேச்சு பெரும்பாலும் தமிழ். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் மலையாளத்தில் மனுக் கொடுத்து, வேலைக்குக் கோவைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அப்படி ஒரு குடும்பத்தின் அக்காவும் தம்பியும், தம்பியின் பள்ளித் தோழனும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார்கள். அக்கா நிரல் எழுதுகிறார். தம்பி வரைகிறார். தோழன் ஒலியைக் கவனிக்கிறார். அதை உலகச் சந்தைக்குக் கொண்டுசெல்ல, செலவுக்குப் பணம் தந்து விற்பனையையும் கவனிக்கும் ஒரு வெளியீட்டாளரைத் தேடி இரண்டு ஆண்டுகளில் இரண்டு தொழில் மாநாடுகளுக்குப் போனார்கள். முதல் முறை வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டாம் முறை ஓர் ஒப்பந்தம் அமைந்தது.

கோவையில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் வணிகப் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு பயணங்களிலும் அவர்களோடு இருந்தேன். முதல் பயணத்தின் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் எழுதுகிறேன். குழுவினர் கேட்டுக்கொண்டபடி அவர்கள் பெயரும் விளையாட்டின் பெயரும் இதில் இல்லை. சந்தித்த நிறுவனங்களின் பெயர்களும் இல்லை.

விளையாட்டு

பாரதப்புழைக் கரையோரத்துப் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவக்கூத்து நடக்கிறது. தமிழ்நாட்டுத் தோற்பாவைகள் வண்ணம் தெரியும்படி ஒளி ஊடுருவுபவை. பாலக்காட்டுப் பாவைகள் அப்படியல்ல; துளையிட்ட தோலின் கருநிழல் மட்டும் திரையில் விழும். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள மண்ணில், தேவியின் சந்நிதிக்கு எதிரே உள்ள கூத்துமாடத்தில், புலவர்கள் இரவு முழுவதும் கம்பன் பாட்டைப் பாடி உரை சொல்கிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண முடியாமல் போன தேவிக்காகவே இந்தக் கூத்து என்பது நம்பிக்கை. அதனால் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்காது.

அந்த ஆளற்ற இரவுதான் இவர்கள் விளையாட்டின் கரு. ஆடுபவர் விளக்கேற்றும் சிறுவன். 21 விளக்குகளை நகர்த்தியும் அணைத்தும் திரியைத் தூண்டியும், பாவைகளின் நிழல் சரியான அளவில் சரியான இடத்தில் விழச் செய்ய வேண்டும். எண்ணெய் தீர்வதற்குள் காட்சி முடிய வேண்டும். முதல் முறை விளையாடியபோதே இது வெளியூர் போக வேண்டிய பொருள் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாநாடு இயங்கும் விதம்

இந்தத் தொழிலின் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூட்டத்துக்குக் காட்டுவது, மற்றொன்று மேசையில் உட்கார்ந்து பேசுவது. 1988இல் கலிபோர்னியாவில் கிறிஸ் கிராஃபோர்ட் என்ற வடிவமைப்பாளர் தம் வீட்டு முன்னறையில் இருபத்துச் சொச்சம் பேரைக் கூட்டினார். அதுவே பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவின் ஜிடிசி (விளையாட்டு உருவாக்குநர் மாநாடு) ஆனது. 1995இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய இ3 காட்சித் திருவிழாவாக வளர்ந்தது. நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளை நேரடியாக இணையக் காணொளிகளில் வெளியிடத் தொடங்கிய பிறகு அதன் தேவை குறைந்துகொண்டே போனது. 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். 2001இல் பிரான்சின் லியோனில் தொடங்கிய கேம் கனெக்‌ஷன் வேறு வழியில் போனது. மேடையும் கொண்டாட்டமும் முக்கியமல்ல, முன்கூட்டியே குறித்த அரை மணி நேரச் சந்திப்புகளே முக்கியம் என்பது அதன் முறை. இன்று பெரிய கண்காட்சிகளுக்குள்ளும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2009 முதல் கொலோனில் நடக்கும் கேம்ஸ்காமில் ஆட்டக்காரர்களின் கூட்டம் ஒரு பக்கம், வணிக அரங்குகள் தனியாக வேறு பக்கம். டோக்கியோ கேம் ஷோவின் முதல் நாட்கள் தொழில்துறையினருக்கு. இந்தியாவில் ஐஜிடிசி எனப்படும் இந்திய விளையாட்டு உருவாக்குநர் மாநாடு பல ஆண்டுகள் ஹைதராபாதில் நடந்துவந்திருக்கிறது.

சந்திப்புகளைக் குறிக்க மீட்டுமேட்ச் போன்ற இணைய ஏற்பாடு ஒன்று இருக்கும். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு அது திறக்கும். யாரைப் பார்க்க வேண்டுமோ அவருக்கு ஒரு சிறு குறிப்போடு வேண்டுகோள் அனுப்புகிறோம். அவர் ஏற்றால் நேரமும் மேசை எண்ணும் வந்துவிடும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக, ஒரு நாளுக்கு 16 அரை மணிகள். எதிரே உட்காரும் வெளியீட்டாளர் நிறுவனத்து ஆளுக்கு அந்தப் பதினாறும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். கணினியில் ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு மூன்று வரி எழுதிக்கொள்வார். ஊருக்குப் போனதும் தேர்வுக் குழு கூடும்போது அந்த வரிகளை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

கடைசியாகச் சொன்னதை நான் பல ஆண்டுகளாக அறிவேன். ஆனால் முதல் பயணத்தில் அதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் ஆண்டு

சபரி எக்ஸ்பிரஸில் பாலக்காட்டில் ஏறினால் மறுநாள்தான் செகந்திராபாதில் இறங்க முடியும். மூன்று பேர், ஒரு மடிக்கணினி, அக்காவின் சேமிப்பில் வாங்கிய மூன்று அனுமதிச் சீட்டுகள். விடுதிச் செலவைக் குறைக்க மாநாட்டு அரங்கிலிருந்து வெகுதூரத்தில் அறை எடுத்தார்கள். அது முதல் தவறு. காலைச் சந்திப்புக்குப் போக்குவரத்து நெரிசலைக் கடந்து வியர்த்து வந்து உட்கார்ந்தவர்களால் நிதானமாகப் பேச முடியவில்லை.

பெரிய தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பட்டியலில் இருந்த அறுபது நிறுவனங்களுக்கும் ஒரே குறிப்பை அனுப்பினோம். நிறையப் பேரைக் கேட்டால் நாலு பேராவது கிடைப்பார்கள் என்று சொன்னவன் நான். பதினான்கு பேர் ஏற்றார்கள். மாலையில் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. ஐந்து பேர் எங்களிடம் விற்க வந்தவர்கள்: விளம்பர வலையமைப்பு, கட்டணச் சேவை, கைபேசி விளையாட்டுகளுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்துத் தரும் நிறுவனங்கள். இரண்டு பேர் மேசைக்கு வரவே இல்லை. அதில் ஒருவருக்காக அக்கா அரை மணி நேரமும் மடிக்கணினியைத் திறந்து வைத்தபடி நின்றுகொண்டே காத்திருந்தார். அடுத்த மேசைக்காரர் நாற்காலியை இழுத்துக் கொடுத்தும் உட்காரவில்லை. வராமல் போனவர் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று பேர் உழைப்பில் நடக்கும் ஒரு குழுவுக்கு அந்த அரை மணி என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதி ஏழு சந்திப்புகள் உண்மையானவை. ஏழிலும் ஒரே கதைதான் நடந்தது. கூத்துமாடம், தாரிகன், கம்பன், பாவைத் தோல் என்று தம்பி ஆர்வத்தோடு சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர் ஆர்வத்தோடு கேட்டார். கடிகாரத்தில் பதினெட்டு, இருபது நிமிடம் போய்விடும். அதற்குப் பிறகுதான் விளையாட்டைத் திறப்பார்கள். அரங்கின் இரைச்சலில் மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் புலவரின் பாட்டு கேட்காது. பாட்டு இல்லாவிட்டால் அந்த விளையாட்டில் பாதி இல்லை. எவ்வளவு பணம் தேவை என்று ஒருவர் கேட்டதற்கு, "நீங்கள் எவ்வளவு தர முடியும்?" என்று தம்பி திருப்பிக் கேட்டார். எதிரே இருந்தவர் புன்னகைத்துக் கணினியை மூடினார். இரண்டு நிமிடத்தில் கைகுலுக்கல்.

பின்தொடரும் கடிதங்கள் பத்தொன்பது நாள் கழித்துப் போயின. ஊருக்கு வந்ததும் வீட்டில் ஒரு கல்யாணம், பிறகு தோழனுக்குக் காய்ச்சல். காரணங்கள் நியாயமானவை. ஆனால் பத்தொன்பது நாளில் எதிரே இருந்தவர் இன்னும் இரண்டு மாநாடுகளை முடித்திருப்பார். பதில் ஒன்றுகூட வரவில்லை.

தரகரின் கேள்வி

அக்காவின் அப்பா முப்பது ஆண்டுகள் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். இப்போது முழங்கால் வலியால் போவதில்லை. செவ்வாயும் வியாழனும் மட்டும் காலையில் சீக்கிரம் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், பழக்கம் விடவில்லை. நாங்கள் ஹைதராபாத் கதையை அவரிடம் சொன்னபோது நடுவில் எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் மகளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"அம்மிணி, எதிரே உட்கார்ந்தவர் வாங்க வந்தவரா, பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வந்தவரா?"

பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வந்தவர்கள்தான் என்றார் அக்கா.

"அப்படியானால் அவர் ஊரில் போய்ச் சொல்ல நீ என்ன கொடுத்தாய்?"

பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினார். கேரளத்தின் உட்பகுதி ஊர்களில் இருந்து பெரிய வியாபாரிகள் தாங்களே வருவதில்லை, ஆள் அனுப்புவார்கள். அந்த ஆளிடம் மாட்டின் வம்சக் கதையைச் சொல்லிப் பயனில்லை. அவர் போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார். "பல், ஈத்து, பால். மூன்றைச் சொல்லி மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வைத்தால் போதும் தம்பி. அவர் முதலாளியிடம் அந்த மூன்றையும் பிசகாமல் சொல்வார். நம் சொல் அவர் வாயில் போய் உட்கார வேண்டும்."

இதைத் திண்ணைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. வெளியீட்டு நிறுவனங்களில் தேர்வு செய்யும் பிரிவு உண்மையில் இப்படித்தான் இயங்குகிறது. மாநாட்டுக்கு வருபவர் சாரணர். அவருக்குப் பிடித்திருந்தாலும் போதாது. விற்பனைப் பிரிவு, நிதிப் பிரிவு, சில நேரம் சட்டப் பிரிவு ஆகியோர் முன்னால் அவர் நம் விளையாட்டுக்காக வாதாட வேண்டும். அந்த அறையில் நாம் இருக்க மாட்டோம். முதல் ஆண்டின் ஏழு பேரும் எங்கள் கதையை ரசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் ஒருவரிடமும் திருப்பிச் சொல்லத்தக்க ஒரு வாக்கியம் இருந்திருக்காது.

ஒரே ஓர் இடத்தில் அப்பாவின் தொழிலும் எங்கள் தொழிலும் பிரிகின்றன. சந்தையில் விலையைத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. தம்பி அந்தச் சந்தையில் சிறுவனாகத் திரிந்தவன், அந்தப் பழக்கத்தில்தான் "நீங்கள் எவ்வளவு தர முடியும்" என்று கேட்டான். இந்த மேசையில் அது ஆகாது. ஒவ்வொரு வெளியீட்டாளருக்கும் தான் இறங்கும் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. நம் தொகை அதற்குள் அடங்குமா என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார். தொகையைச் சொல்லத் தயங்குபவர் கணக்குப் போடாதவர் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறார். அன்று எங்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

கணக்கு

ஆறு மாதம் அக்கா மாலை வேளைகளில் கணக்குப் போட்டார். முடிக்க இன்னும் 14 மாத வேலை. மூன்று பேருக்கும் மாதம் 60,000 ரூபாய் வீதம் 25,20,000. கன்சோல் எனப்படும் தனி விளையாட்டுக் கருவிகளுக்கு மாற்ற 5 லட்சம். சோதனைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 4 லட்சம். புலவர் ஊதியமும் ஒலிப்பதிவும் 2 லட்சம். எதிர்பாராததற்கு 3,80,000. ஆக 40 லட்சம். சம்பளத்தை இன்னும் குறைத்துக் காட்டினால் வெளியீட்டாளர் மகிழ்வார் என்று தம்பி சொன்னார். நான் எதிர்த்தேன். சாப்பிடாமல் வேலை செய்யும் குழு பாதியில் கலைந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். குறைந்த சம்பளத்தைப் பார்த்தால் அனுபவம் உள்ளவருக்கு அச்சம்தான் வரும்.

இந்தியாவிலிருந்து போன முன்னோடிகளின் பாடும் எங்கள் கண்முன் இருந்தது. புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' விளையாட்டுக்காக 2017இல் மக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. பிறகு ஒரு வெளியீட்டாளர் கிடைத்து 2020இல் அது வெளிவந்தது. நடுவில் கழிந்த மூன்று ஆண்டுகளை ஒரு குழு தாங்கி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அக்கா அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்வார்.

இரண்டாம் ஆண்டு

இந்த முறை அறுபது பேருக்கு அனுப்பவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் புதிர் விளையாட்டையோ கதை சார்ந்த சிறு விளையாட்டையோ வெளியிட்ட நிறுவனங்களை மட்டும் எடுத்தோம். இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொன்றிலும் தேர்வு செய்யும் பிரிவில் யார் இருக்கிறார் என்று தேடி, அவர்கள் வெளியிட்டவற்றில் ஒன்றையாவது விளையாடிப் பார்த்து, நான்கு வாக்கியத்தில் குறிப்பு எழுதினோம். இணைய ஏற்பாடு திறந்த அன்றே அனுப்பினோம். முதல் சில நாட்களில்தான் நல்ல நேரங்கள் இருக்கும்; கடைசி வாரத்தில் அனுப்புபவருக்கு மிச்சமே கிடைக்கும். ஒன்பது பேர் ஏற்றார்கள். முதல் ஆண்டின் பதினான்கைவிட இது சிறிய எண். ஆனால் ஒன்பதும் சரியான மேசைகள்.

அறை அரங்குக்கு நடந்து போகும் தூரத்தில் எடுத்தார்கள். செலவு கூடியது; மூன்றாவது சீட்டை வாங்காமல் அதைச் சரிக்கட்டினார்கள். தோழன் ஊரிலேயே இருந்து, முதல் நாள் தெரியவந்த பிழைகளை இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பினார். இணைய இணைப்பை நம்பாமல் விளையாட்டு இரண்டு மடிக்கணினிகளில் ஏற்றப்பட்டது. ஒரே துளையில் இரண்டு காதொலிப்பான்களைச் செருகும் சிறு இணைப்பான் ஒன்றும் வாங்கினோம். மிக மலிவான அந்தப் பொருள் எங்கள் பயணத்தின் மிகப் பயனுள்ள முதலீடு. விருந்தினர் ஒன்றையும் அக்கா ஒன்றையும் மாட்டிக்கொண்டால் இரைச்சல் மறைந்துவிடும், புலவர் குரல் மட்டும் கேட்கும்.

சந்திப்பின் ஒழுங்கு இப்படி அமைந்தது. முதல் நிமிடத்தில் மூன்று செய்திகள்: 21 விளக்குகளின் நிழலால் அவிழ்க்கும் புதிர்கள்; கணினிக்கும் ஸ்விட்ச் கன்சோலுக்கும் ஐந்து மணி நேர விளையாட்டு; முடிக்க 14 மாதமும் 40 லட்சமும். இவைதான் எங்கள் பல், ஈத்து, பால். நான்காம் நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கருவி விருந்தினர் கையில். அவர் ஆடும்போது யாரும் பேசக் கூடாது. இதைக் கடைப்பிடிக்கத் தம்பி மிகவும் சிரமப்பட்டார். விருந்தினர் தடுமாறும் இடங்களை அக்கா குறித்துக்கொள்வார். இருபதாம் நிமிடத்தில் நிறுத்திக் கேள்விகள். கடைசி ஐந்து நிமிடம் எங்கள் கேள்வி ஒன்றுக்கு: "உங்கள் அலுவலகத்தில் இதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு இன்னும் என்ன தேவை?"

அப்பாவின் கேள்வியை மறுபுறம் திருப்பியது அது. ஒருவர், இரண்டாம் அத்தியாயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். இன்னொருவர், தங்கள் நிறுவனம் இந்த ஆண்டு சண்டைக் காட்சிகள் உள்ளவற்றையே எடுக்கிறது, அதனால் தங்களுக்குப் பொருந்தாது என்று நேராகச் சொல்லிவிட்டார். நேராகச் சொன்ன மறுப்பு பெரிய உதவி. அவருக்கு நாங்கள் அடுத்து எழுதவே தேவையில்லை. ஆனால் அந்த மனிதரே விளையாட்டைச் சுருக்கிச் சொல்லும் எங்கள் ஒருபக்கத் தாளைக் கேட்டு வாங்கி, வேறு ஒரு சிறு ஐரோப்பிய வெளியீட்டாளரில் இருக்கும் தம் நண்பருக்கு அனுப்பினார். ஒப்பந்தம் வந்தது அந்த நண்பரிடமிருந்துதான். எங்கள் ஒன்பது மேசைகளில் ஒன்றில்கூட அவர் உட்காரவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் அனுப்பத்தக்க ஒரு தாள் இல்லாமல் இருந்திருந்தால், அதில் தொகையும் காலமும் எழுதப்படாமல் இருந்திருந்தால், அவர் எதை அனுப்பியிருப்பார்?

ஆங்கிலம் பற்றிய பயம் அக்காவுக்கு முதல் நாள் இருந்தது. மேசைக்கு எதிரே வந்த போலந்துக்காரருக்கும் கொரியருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். சிறு வாக்கியங்கள், தெளிவான எண்கள். இரண்டு தரப்புக்கும் அதுவே வசதியாக இருந்தது. ஜப்பானியர் ஒருவர் தம் முகவரி அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா இயல்பாகவே இரண்டு கையாலும் வாங்கிப் படித்து மேசைமேல் வைத்தார். பெரியவர்களிடம் எதையும் இரு கையால் வாங்கிப் பழகியவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாலை விருந்துகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இந்தத் தொழிலில் பல அறிமுகங்கள் மதுக்கோப்பையைச் சுற்றியே நடக்கின்றன. முன்பின் தெரியாத ஊரில் இரவு பத்து மணிக்கு அந்த இடங்களில் இருப்பது ஒரு பெண்ணுக்கு எளிதல்ல, அதை அவள்மீது ஒரு குறையாக வைப்பது அநியாயம். அக்கா எடுத்த முடிவு நல்ல முடிவு. விருந்தின் முதல் ஒரு மணி நேரம் மட்டும், தம்பியோடு போவது, சேர்ந்தே திரும்புவது. அதற்கு ஈடாகக் காலை எட்டரை மணிக்குத் தேநீருக்கு வரலாமா என்று மூன்று பேரைக் கேட்டார். மூவரும் வந்தார்கள். முந்தைய இரவின் எந்த உரையாடலைவிடவும் அந்தத் தேநீர் மேசை உருப்படியாக இருந்தது.

ஒவ்வொரு நாள் இரவும், அன்று சந்தித்தவருக்கு மூன்று வரிக் கடிதம். கேட்டவற்றை அந்த வாரத்துக்குள் அனுப்பினோம். பதில் இல்லையென்றால் இரண்டு வாரத்தில் ஒரு நினைவூட்டல், ஆறு வாரத்தில் இன்னொன்று, அதோடு நிறுத்தம்.

பாவைகள் யாருடையவை

ஐரோப்பிய வெளியீட்டாளரின் முதல் கடிதத்திலேயே ஒரு கேள்வி இருந்தது: பாவைகளும் பாட்டும் யாருக்குச் சொந்தம்? நாங்கள் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கம்பன் பாட்டுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. இந்தியச் சட்டத்தில் எழுத்தாளரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும். கம்பனோ பல நூற்றாண்டுகளுக்கு முந்தையவர். ஆனால் தோழன் ஒரு கோயில் திருவிழாவில் பதிவுசெய்த குரலில் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 ஆண்டுகளுக்கு. தம்பி வரைந்த பாவைகளோ, அதே இரவில் எடுத்த படங்களின் மேல் கோடு போட்டு வரைந்தவை. அந்தப் பாவைகளைச் செதுக்கிய குடும்பம் இன்னும் அந்தத் தொழிலில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி ஒன்றும் இல்லை.

மூவரும் அந்தப் புலவரின் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அவர் விளையாட்டை முழுதாகப் பார்த்தார். விளக்குகள் எரியும் முறையில் ஒரு பிழையையும் காட்டினார். பிறகு, தேவிக்குப் பாடியதை விற்க முடியாது என்று சொன்னார். தம்பியின் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். உங்களுக்கென்று தனியாக வந்து பாடித் தருகிறேன். பாவைகளையும் புதிதாக வரையுங்கள், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்." ஊதியம் பேசி, பெயர் இடம்பெறும் விதம் எழுதி, இரண்டு பக்க ஒப்பந்தம் தமிழிலும் மலையாளத்திலும் கையெழுத்தானது. மூன்று மாத வேலை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. புதிய பாவைகள் பழையவற்றைவிட அழகாக வந்தன. துளைகளின் ஒழுங்குக்கு ஒரு பொருள் இருப்பதை அதற்கு முன் தம்பி அறிந்திருக்கவில்லை.

மரபுக் கலையை எடுத்து விளையாட்டு செய்யும் எல்லாரும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியீட்டாளர் கேட்பார் என்பது ஒரு காரணம்தான். அந்தக் கலையை இத்தனை தலைமுறையாகச் சுமந்தவர்களைக் கேட்காமல் அதை மேசையில் பரப்பியிருக்கக் கூடாது.

ஒப்பந்தம்

வெளியீட்டாளர் அனுப்பிய முதல் வரைவில் விளையாட்டின் முழு உரிமையும் அடுத்த பாகங்களின் உரிமையும் அவர்களுக்கு என்று இருந்தது. அக்கா மறுத்தார். நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து. முடிவில் ஏழு ஆண்டு வெளியீட்டு உரிமம், அடுத்த பாகம் வந்தால் அவர்களுக்கு முதலில் காட்டும் கடமை, உரிமை குழுவிடமே. தொகை ஆறு தவணைகளில், ஒவ்வொரு தவணைக்கும் காட்ட வேண்டிய வேலை குறிக்கப்பட்டிருக்கும்.

முன்பணம் திரும்ப எடுக்கப்படும் முறையைப் பலர் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடுகிறார்கள். ஓர் உதாரணம். விற்பனை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீம் போன்ற இணைய விளையாட்டுக் கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் மீதி 70 லட்சம். அதில் வெளியீட்டாளர் கொடுத்த 40 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்வார். மீதி 30 லட்சம். பாதிப் பாதி என்றால் குழுவுக்கு 15 லட்சம். விளம்பரச் செலவையும் முதலில் கழிப்பேன் என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பதினைந்தும் கரைந்துபோகும். அந்த வரி எங்கள் வரைவிலும் இருந்தது. அதற்கு ஓர் உச்சவரம்பு போட வைத்தோம்.

வரி விஷயத்தில் இரண்டு வேலைகளை முன்பே முடித்துவிட்டால் போதும். வெளிநாட்டுச் சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப உறுதிமொழிக் கடிதத்தைப் பதிவு செய்வது. அமெரிக்கக் கடைகளில் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்துக்கான படிவத்தைக் கொடுத்து அங்கே பிடிக்கும் வரியை 30 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைப்பது. பாலக்காட்டில் ஒரு பட்டயக் கணக்காளர் இரண்டையும் செய்து கொடுத்தார்.

இதை எழுதும்போது மூன்றாம் தவணை வந்துவிட்டது. நான்காம் தவணைக்குக் காட்ட வேண்டியது இலங்கைப் போர்க் காட்சி, 21 விளக்குகளும் ஒரே நேரத்தில் எரியும் ஒரே அத்தியாயம். புலவர் அதற்காக அடுத்த வாரம் கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறார். கதவு தடித்த, மின்விசிறியை நிறுத்தினால் சத்தம் புகாத ஓர் அறை வேண்டும் என்று தோழன் கேட்டார். வீட்டில் அப்படி இருப்பது அப்பாவின் பழைய தீவன அறை ஒன்றுதான். அதைக் காலி செய்து சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.